லிட்டருக்குப் பதிமூன்று கிலோமீட்டர்

எண்ணெய் நிலையத்தில் ஒரு பொம்பளை, வேனின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டு ஆட்டென்று ஆட்டிக்கொண்டிருந்ததை நீங்கள் எப்போதாவது பார்த்திருந்தால், அது நான்தான். மலேசியாவில், இந்தக் கெடா மாநிலத்தில் வேறு எந்தப் பெண்ணுக்கும் இந்தத் தலையெழுத்து இருப்பதாகத் தெரியவில்லை. அடுத்த பம்ப்பில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். ஒருமுறை ஒரு மலாய்க்காரப் பெண், வண்டி எதிலோ மாட்டிக்கொண்டது என்று நினைத்து ஓடிவந்து என்னோடு சேர்ந்து தள்ளவும் தள்ளினாள். அவளுக்கு நான் என்னவென்று விளக்குவது? என் வீட்டுக்காரரோ பம்ப்புக்குப் பக்கத்தில் குழாயைப் பிடித்தபடி, இன்னும் கொஞ்சம் ஆட்டு என்று எனக்குத் தலையாட்டிக்கொண்டிருப்பார்.

விஷயம் இதுதான். டேங்க் நிறைந்ததும் குழாய் டக்கென்று தானாக நின்றுவிடும். ஆனாலும் உள்ளே கொஞ்சம் காற்று தங்கியிருக்கும். வண்டியை ஆட்டினால் காற்று வெளியேறி இன்னும் முக்கால் லிட்டர், சில நாள் ஒரு லிட்டர்கூட இறங்கும். ஒவ்வொரு முறையும் இப்படி விளிம்புவரை நிரப்பினால்தான், போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் நடுவில் வண்டி எவ்வளவு ஓடியது, எவ்வளவு குடித்தது என்பது சரியாகத் தெரியும் என்பது அவர் கட்சி. வண்டி செய்தவர்கள் விளம்பரத்தில் போடுகிற எண்ணை அவர் மதிப்பதே இல்லை. அது வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்து எழுதியது, நம்ம வண்டியில் கட்டில் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, நாற்பது லிட்டர் தண்ணீர் இருக்கிறது, நீ இருக்கிறாய் என்பார். கடைசியில் என்னையும் பாரத்தில் சேர்ப்பதில் அவருக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

எங்களுக்குள் வேலை பிரித்துக்கொண்டிருந்தோம். நான் முன்சீட்டிலிருந்து கிலோமீட்டரைப் படித்துச் சொல்வேன், பிறகு பின்னால் போய் ஆட்டுவேன். அவர் பம்ப்பில் ஓடும் லிட்டரைப் பார்த்து, மளிகைக் கடையில் பற்று எழுதுகிற அந்தச் சின்ன நீளப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். ரசீதை வாங்குவார், ஆனால் பார்க்கமாட்டார். பழைய நாளில் ஏதோ ஒரு பம்ப்பில் அவரை ஏமாற்றியிருக்கிறார்கள். அன்றிலிருந்து ரசீது முதலாளிக்கு, டிரைவர் தன் கண்ணால் பார்க்கணும் என்பது அவருக்குச் சட்டம். ரசீதுகள் எல்லாம் ரப்பர் வளையம் போட்டு ஒரு பிஸ்கட் டின்னில் கிடக்கும்.

அவர் நாற்பது வருடம் ஃபேக்டரி வேன் ஓட்டியவர். தோட்டத்து வீடுகளிலிருந்து சுங்கைப்பட்டாணி ஃபேக்டரிகளுக்குப் பெண்களை ஏற்றி இறக்குகிற வேன். அதில் பன்னிரண்டாவது ஆளாக ஏறியவள்தான் நான், அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. விடியாத நேரத்தில் ஏறி உட்கார்ந்ததுமே நாங்கள் எல்லாரும் தூங்கிவிடுவோம். அவர் பிரேக் போட்டால் தெரியாது. ஒருத்தி தலையும் கண்ணாடியில் இடித்ததில்லை. மற்ற வேன்களில் போன பெண்கள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இறங்குவார்கள். அந்த பிரேக்கை நம்பித்தான் நான் கழுத்தை நீட்டினேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

வேலையை விட்டபோது, தான் கடைசியாக ஓட்டிய வேனையே முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். சீட்டையெல்லாம் கழற்றிவிட்டுப் பலகைக் கட்டில் போட்டார், பக்கத்தில் ஒரு கேஸ் அடுப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி, வெயிலுக்கு இழுத்துக் கட்ட ஒரு துணி. எனக்கு முதலில் பிடிக்கவில்லை. வீடு என்று ஒன்று இருக்கும்போது எதற்கு ரோட்டோரத்தில் சமைக்கவேண்டும் என்று ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு யான் என்கிற ஊரில் வயல் ஓரமாக நிறுத்தி, குனோங் ஜெராய் மலையைப் பார்த்தபடி அவர் போட்ட கோப்பியைக் குடித்தேன். கோத்தா கோலா மூடாவில் படகு வந்ததும் மீன் வாங்கி, வேனுக்குள்ளேயே குழம்பு வைத்தேன். இத்தனை வருடம் நான் யாருக்காகவோ அவசரமாகச் சமைத்துக்கொண்டிருந்தேன் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. அதற்குமேல் முகத்தைத் தூக்கி வைக்க எனக்கு மனசு வரவில்லை.

இந்த மாதிரி வேன் வைத்திருப்பவர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு வாட்சாப் குழு வைத்திருக்கிறார்கள். அதில் நாள் முழுக்க ஒரே பேச்சுதான், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று. தூண்டில் போடுகிறவர்கள் மீனின் நீளத்தைக் கையை விரித்துக் காட்டுவார்களே, அதே கதைதான். என் வீட்டுக்காரர் மட்டும் பொய் சொல்லமாட்டார். பத்தே புள்ளி இரண்டு, பத்தே புள்ளி ஒன்று என்று உள்ளதை உள்ளபடி எழுதுவார். அவர்கள் கிண்டல் செய்தாலும் கவலைப்படமாட்டார்.

ஒரு கட்டத்தில் அவருடைய எண் ஏற ஆரம்பித்தது. பதினொன்று வந்தது. பதினொன்றே முக்கால் வந்தது. பிறகு ஒருநாள் பன்னிரண்டே கால். குழுவில் ஒரே ஆரவாரம், எப்படி அண்ணே என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவரும் பாடம் நடத்தாத குறையாகச் சொன்னார். ஹைவேயில் போகாதே, பழைய ரோட்டில் போ. லோரி கிடைத்தால் அதன் பின்னாலேயே ஒட்டிப் போ, காற்றை அது வெட்டிக்கொடுக்கும். யாரையும் முந்தாதே. இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடு, விளக்குப் போட்டால் அதற்கும் எண்ணெய்தான் செலவு.

அவர் சொன்னபடியேதான் ஓட்டினார். அறுபதுக்கு மேல் முள் ஏறாது. பண்டார் பாருவுக்குப் போன நாளில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்றின் பின்னால் ஒரு மணி நேரம் ஊர்ந்தோம். எனக்குப் பொறுமை போய்விட்டது. நடந்து போயிருந்தால் இந்நேரம் போயே சேர்ந்திருக்கலாம் என்று சொன்னேன். அதே ரோட்டில்தான் ஓரமாக மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு பெரியவர் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தார். எங்கள் வேன் அவரை உரசுவதுபோலப் போனது. அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டதை நான் பார்த்தேன். கத்தினேன். பார்த்தேன்லா, இடம் இருந்துச்சு என்றார். நாற்பது வருடம் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவர் சொல்கிறார், நான் வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு பதிமூன்றே புள்ளி ஒன்று வந்தது. அந்த வாரம் வேனுக்கு எஞ்சின் எண்ணெய் மாற்ற வேண்டியிருந்தது. வழக்கமாகப் பழுது பார்க்கிற போர்மேனிடம் கொண்டுபோய் விட்டோம். தமிழர், எங்கள் இருவரையும் நெடுநாள் தெரிந்தவர். என் வீட்டுக்காரர் எதிரே பசியாறப் போயிருந்த நேரத்தில், நான்தான் கொஞ்சம் பீற்றிக்கொள்வோமே என்று அந்தப் புத்தகத்தைக் காட்டினேன். போர்மேன் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தார். பக்கத்தைத் திருப்பினார். சிரிப்பார் என்று பார்த்தால் சிரிக்கவில்லை.

"அக்கா, இந்த எஞ்சின் எனக்குத் தெரியும். இவ்வளவு பாரத்தோட பதினொண்ணு வந்தாலே பெரிய விஷயம். பதிமூணெல்லாம் வராது. அண்ணன் எங்கயோ தப்பா எழுதறாரு."

எனக்குச் சுருக்கென்றது. என் புருஷன் பொய் எழுதுகிற ஆள் இல்லை என்று வாய்வரை வந்தது. பொய் எழுதமாட்டார் என்றால் வேறு என்ன? அந்தக் கேள்வி வீடுவரைக்கும் கூடவே வந்தது.

மறுநாள் காலை அவர் கோவிலுக்குப் போன பிறகு பிஸ்கட் டின்னைத் திறந்தேன். ரசீதுகளைத் தேதி வாரியாக மேசையில் பரப்பி, புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். பழைய பக்கங்களில் ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. கடைசி நாலு மாதத்துக்கு வந்தபோதுதான் தெரிந்தது. ரசீதில் முப்பத்தெட்டே புள்ளி ஆறு, புத்தகத்தில் முப்பத்து மூன்றே புள்ளி ஆறு. ரசீதில் முப்பத்தாறே புள்ளி எட்டு, புத்தகத்தில் முப்பதே புள்ளி மூன்று. எட்டு எல்லாம் மூன்றாகியிருந்தது, ஆறு சில இடத்தில் ஆறாகவும் சில இடத்தில் பூஜ்யமாகவும் இருந்தது. கையெழுத்தைப் பார்த்தேன். கோட்டுக்கு மேலே உட்கார்ந்திருந்த எழுத்து கோட்டை விட்டு இறங்கி, பெரிதாகி, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது.

அவருக்கு இனிப்பு நீர் வியாதி வந்து பதினைந்து வருடமாகிறது. கண்ணைக் காட்டச் சொல்லி கிளினிக்கில் இரண்டு தடவை தேதி கொடுத்தார்கள். இரண்டு தடவையும் கூட்டம் அதிகம், அப்புறம் போகலாம் என்று தட்டிக்கழித்துவிட்டார். நானும் விட்டுவிட்டேன். இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஹைவே வேண்டாம் என்றது கண்ணுக்காக. லோரியின் பின்னால் போனது, அந்தப் பெரிய முதுகு ஒன்றுதான் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது என்பதற்காக. இருட்டுவதற்குள் வீடு திரும்பினதும் அதற்காகத்தான். அந்த மோட்டார் சைக்கிள்காரரை அவர் பார்க்கவே இல்லை. இதையெல்லாம் எண்ணெய் மிச்சம் என்று சொல்லி ஊருக்கே பாடம் நடத்தியிருக்கிறார், நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறேன். அவர்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்த கோபம்தான் அதிகம்.

வந்ததும் பிடித்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். அவர் கோவிலிலிருந்து வந்து, என் நெற்றியில் திருநீறு வைத்துவிட்டு, நாளைக்கு டேங்க்கை நிரப்பிவிட்டு யானுக்குப் போவோமா என்று கேட்டபோது என்னால் முடியவில்லை. ஒருவேளை நான்தான் தப்பாக நினைக்கிறேனோ என்றும் ஒரு ஆசை இருந்தது. சரி என்றேன்.

மறுநாள் அவரே ஓட்டினார், எண்ணெய் நிலையம் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். அந்த இரண்டு தெருவிலும் அவருக்கும் சேர்த்து நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பம்ப்பில் நிறுத்தியதும், இன்றைக்கு எனக்கு முதுகு வலிக்கிறது, நீங்கள் ஆட்டுங்கள், நான் குழாயைப் பிடிக்கிறேன் என்றேன். ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். பிறகு பின்னால் போய் ஆட்டினார். எண்ணெய் விளிம்புவரை வந்து நின்றது. எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன் என்று புத்தகத்தை எடுத்தேன். அவர் பம்ப்புக்கு முன்னால் வந்து நின்று கண்ணைச் சுருக்கினார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார்.

"முப்பத்து மூணு புள்ளி மூணு."

"முப்பத்தெட்டுங்க. முப்பத்தெட்டு புள்ளி எட்டு."

அவர் என் கையிலிருந்து குழாயை வாங்கி மாட்டினார், மூடியைத் திருகினார். பிறகு டிரைவர் பக்கம் போகாமல், கதவைத் திறந்து உள்ளே கட்டிலில் போய் உட்கார்ந்தார். நானும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நடுவில் ஒரு புகை மாதிரி நிற்கிறது, ஓரமெல்லாம் நன்றாகத்தான் தெரிகிறது என்றார். நாலு மாதமாகவா என்று கேட்டேன். ஆமாம் என்றார்.

"சொன்னா சாவிய வாங்கி வச்சிருவே. அப்புறம் நான் யாரு? வீட்டுல சும்மா உக்காந்திருக்கற ஆளு."

"அந்த மோட்டார்காரரு செத்திருந்தா? நான் செத்திருந்தா?"

"அதனாலதான் மெதுவா ஓட்டுனேன்."

அழுதேன். பின்னால் ஒரு கார் ஹார்ன் அடித்தது, இடத்தை விடவேண்டுமே. அவர் சாவியை எடுத்து என் மடியில் வைத்தார். லைசன்ஸ் எனக்கும் உண்டு, நாங்கள் வைத்திருந்த சின்னக் காரில் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போய்வந்ததோடு சரி. அந்தப் பெரிய வேனை முதல் கியரில் போட்டு, இரண்டு தடவை நின்று போய், மூன்றாவது தடவை குலுக்கிக் கிளப்பி, இரண்டு தெருவையும் தாண்டி வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன்.

கிளினிக்கில் காட்டியதும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், வண்டி மட்டும் ஓட்டக்கூடாது என்றார் டாக்டர். மூன்று மாதம் வேன் வாசலில் கித்தான் போர்த்திக்கொண்டு நின்றது. வாட்சாப் குழுவை விட்டு அவராகவே வெளியேறினார். ஒருநாள் வேனை விற்றுவிடலாம் என்றார். நான் கேட்காததுபோல இருந்துவிட்டேன். இன்னொரு நாள், அந்த நாலு மாதப் பக்கத்தையும் ரசீதைப் பார்த்துத் திருத்திவிடு, தப்பு எழுத்து இருக்கக்கூடாது என்றார். நான் ஒவ்வொன்றாகப் படிக்க, அவர் மனக்கணக்கில் வகுத்துச் சொன்னார். பழைய சராசரி பத்தே புள்ளி இரண்டு. அந்த நாலு மாதத்தின் உண்மையான சராசரி பத்தே புள்ளி ஏழு.

பார்த்தியா, அரைக் கிலோமீட்டர் கூடத்தான் வந்திருக்கிறது என்று அவர் முகம் மலர்ந்ததே, எனக்குப் புத்தகத்தைத் தூக்கி எறியலாம்போல இருந்தது. அந்த அரைக் கிலோமீட்டர் பயத்தில் வந்தது. என்னை உயிரோடு வீட்டுக்குக் கொண்டுவரவேண்டுமே என்று மனுஷன் பயந்து பயந்து மிச்சம் பிடித்த எண்ணெய் அது. அதையும் சொல்லிவிட்டேன். அவர் முகம் திரும்பவும் சுருங்கியது. அன்றைக்குச் சாயங்காலமே நான் போய் வேனின் கித்தானை உருவினேன்.

இரண்டு வாரம் எங்கள் தாமானுக்குள்ளேயே, வீட்டு வரிசைத் தெருக்களில் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பழகினேன். பிறகு யானுக்கும், குலிம் பக்கமும், திரும்பவும் யானுக்கும் போனோம். இப்போது அவர் இடதுபக்கம் உட்காருகிறார். என் கிளட்சைக் கேட்டாலே அவருக்குப் பல் கூசுகிறது. சும்மா சும்மா பிரேக்கை மிதிக்காதே, கியரை மாற்று, எஞ்சின் அழுகிறது பார் என்று ஓயாத முணுமுணுப்பு. அந்தக் காலத்தில் உங்கள் வேனில் ஏறியதுமே நாங்கள் தூங்கினோமே, அதைப்போல இப்போது நீங்கள் தூங்குங்கள் என்று நானும் விடாமல் பதில் கொடுக்கிறேன்.

முதல் டேங்க் தீர்ந்து யானில் எண்ணெய் அடித்தோம். அவர் பின்னால் போய் வண்டியை ஆட்டினார், நான் பம்ப்பில் நின்றேன். நானூற்று ஒரு கிலோமீட்டர். நாற்பத்து நாலே புள்ளி ஒரு லிட்டர். குறைத்துச் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது, அவருக்குத்தான் தெரியாதே. ச்சீ என்று என்னையே திட்டிக்கொண்டு உள்ளதைச் சொன்னேன். அவர் வானத்தைப் பார்த்து வகுத்தார்.

"ஒம்பது புள்ளி ஒண்ணு. கண்ணு தெரியாதவன் ஓட்டுனப்ப பத்தரைக்கு மேல. கண்ணு தெரிஞ்சவ ஓட்டுனா ஒம்பது."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நாலு மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அழுத்தி, நேராக, கோட்டுக்கு மேலே ஒன்பதே புள்ளி ஒன்று என்று எழுதினேன்.

திரும்பும் வழியில் நெல் மூட்டை ஏற்றிய லோரி ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. பழக்க தோஷம், அதன் பின்னாலேயே போ, எண்ணெய் மிச்சம் என்றார் அவர். எதிரே வண்டி இல்லையா என்று நன்றாகப் பார்த்தேன். சிக்னல் விளக்கைப் போட்டு, கியரை இறக்கி, மிதித்தேன். எஞ்சின் உறுமியது. அவர் கை கதவைப் பிடித்துக்கொண்டது.

"எண்ணெய் போவுதுலா."

"போகட்டும்."

லோரியைத் தாண்டியதும் கண்ணாடி முழுக்க வெளிச்சம். அவர் கண்ணைச் சுருக்கி முன்னால் பார்த்தார். பிறகு, இப்போது முன்னால் என்ன இருக்கிறது, சொல்லு என்றார். ரோடு காலியாக இருக்கிறது, இரண்டு பக்கமும் வயல், ஒரு பக்கம் அறுத்துவிட்டார்கள், மறுபக்கம் இன்னும் பச்சை, ஜெராய் உச்சியில் மேகம் என்றேன். அப்புறம் என்றார். நான் சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.